ஸ்டார்ட் ஆகாத காரும் பி0705 என்ற எண்ணும்

கம்ப்யூட்டர் இதழில் கார் ரிப்பேருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஒன்று, ஏர் பேக்குக்கு ஒன்று என்று பல சிறிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று நெட்வொர்க்கில் பேசிக் கொள்கின்றன. பிழை ஏற்பட்டால் அதற்கொரு எண்ணைப் பதிந்து வைக்கின்றன. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் நீலத் திரையில் காட்டும் பிழை எண்ணைப் போலத்தான் இதுவும். அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும், நம்பாமல் கம்பியை முறுக்கி விட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் காரைக்காலில் எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்பதால், 2014-ஆம் ஆண்டு தயாரான ஒரு சிறிய ஆட்டோமேட்டிக் காரை இரண்டாம் கையாக வாங்கினோம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள, நான்கு கியர் வகை. எந்த நிறுவனத்துக் கார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. ஏனென்றால் இங்கு சொல்லப் போகும் ஸ்விட்ச் இந்த வகைக் கார்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

ஒரு நாள் காலை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கும்பகோணம் அழைத்துச் செல்லக் கிளம்பிய போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஆனால் 'டக்' என்ற சத்தம் கூட இல்லை. பேட்டரி வீக் என்று நினைத்து அப்பா பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்தார். அவர் அனுபவசாலி. பானட்டைத் திறந்து, இங்கும் அங்கும் பார்த்து, கியர் பாக்ஸ் பக்கம் வரும் ஒயர்களில் இரண்டைச் சுரண்டி, முறுக்கி, மேலே டேப் சுற்றினார். கார் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இருநூறு ரூபாய். "இப்படியே ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு மகிழ்ச்சி. எனக்குப் போனில் சொன்ன போது நானும் மகிழ்ச்சி அடைந்தேன் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும்.

பத்து நாள் கழித்து ஒரு ரயில்வே கேட்டில் அப்பா நின்றிருக்கிறார். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை நிறுத்தியவர், லீவரை 'டி'-யிலேயே விட்டுவிட்டார். கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினார். அந்தக் கார் 'டி'-யில் ஸ்டார்ட் ஆகியிருக்கவே கூடாது. ஆனால் ஆனது. இன்ஜின் உயிர் பெற்ற வேகத்தில் கார் ஒரு முழம் முன்னால் துள்ளி, எதிரில் நின்ற மொபெட்டின் மட்கார்டில் இடித்தது. மொபெட்டில் ஒரு பெண்ணும், பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும். யாருக்கும் அடி இல்லை. மட்கார்டு வளைந்தது, அதற்குப் பணம் கொடுத்துவிட்டார் அப்பா. அதன் பிறகு இரண்டு வாரம் அவர் காரைத் தொடவே இல்லை.

மெக்கானிக் முறுக்கிய அந்த இரண்டு ஒயர்கள் எதற்காக இருக்கின்றன என்று நான் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கியர் பாக்ஸின் கீ போர்டு

ஆட்டோமேட்டிக் காரில் நாம் அசைக்கும் லீவர், ஒரு கேபிள் வழியாகக் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி மாட்டப்பட்டிருக்கும். இதனை நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் என்றும், இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் என்றும், ரேஞ்ச் சென்சார் என்றும் ஆளுக்கொரு பெயரில் அழைக்கிறார்கள். கடையில் கேட்கும் போது 'இன்ஹிபிட்டர் ஸ்விட்ச்' என்றால் பெரும்பாலும் புரிந்து கொள்வார்கள்.

தண்டு திரும்பும் போது பெட்டிக்குள் இருக்கும் சிறிய செப்புத் தொடு முனைகள் தடங்களின் மேல் நகர்ந்து, வெவ்வேறு ஒயர்களை இணைக்கின்றன. இதன் வேலை மூன்று. முதலாவது, லீவர் 'பி' என்ற பார்க்கிங்கிலோ 'என்' என்ற நியூட்ரலிலோ இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் மோட்டாரின் ரிலேவுக்கு மின்சாரம் போக விடுவது. இரண்டாவது, 'ஆர்'-இல் ரிவர்ஸ் விளக்கை எரிய விடுவது. மூன்றாவது, லீவர் எங்கே இருக்கிறது என்று கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. நம் கீ போர்டு போன்றதுதான். விசையை அழுத்துவது நாம், ஆனால் எந்த விசை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அடியில் இருக்கும் தொடு முனை.

மூன்றாவது வேலையைச் செய்யும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில கார்களில் ஒவ்வொரு நிலைக்கும் தனி ஒயர். சிலவற்றில் நான்கே ஒயர்கள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் உண்டு அல்லது இல்லை. அதாவது 0 அல்லது 1. நான்கு பிட்களில் எல்லா நிலைகளையும் எழுதி விடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பல கியர் பாக்ஸ்களில் இந்த நான்கு ஒயர்களுக்கு ஏ, பி, சி, பி என்றே பெயர். கடைசியில் வரும் 'பி', பாரிட்டி! பழைய மோடமில் சீரியல் போர்ட் செட்டிங்கில் பார்த்தோமே, அதே பாரிட்டி பிட்தான். ஒரு ஒயர் அறுந்தால் கிடைக்கும் எண் எந்தக் கியருக்கும் பொருந்தாது. எனவே கம்ப்யூட்டர் 'ஆர்' என்பதை 'டி' என்று தவறாகப் புரிந்து கொள்ளாமல், பிழை இருக்கிறது என்று அறிந்து கொள்ளும். இப்படிப் பிழை தெரிந்தால் பல கார்கள் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், வீடு வரை போகும் அளவுக்கு மட்டும் ஓட விடும். விண்டோஸின் சேஃப் மோடை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டரைத் தடுக்கும் ஏற்பாடு புதியதல்ல. பெரும் அளவில் தயாரான முதல் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக். லீவர் ஓடும் நிலையில் இருக்கும் போது ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது என்பதை அமெரிக்கா 1968-இல் பாதுகாப்பு விதி எண் 102 மூலம் கட்டாயம் ஆக்கியது. அதாவது, எங்கள் தெரு மெக்கானிக் ஒரு துண்டு டேப்பில் ரத்து செய்தது அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு விதியை.

செல்போனில் தெரிந்த எண்

விடுமுறை எடுத்துக் கொண்டு ஊருக்கு வந்தேன். கையில் ஒரு மல்டிமீட்டர், எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஓபிடி அடாப்டர். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் ஆனது. அந்த ஆண்டுக்குப் பின் வந்த பெட்ரோல், டீசல் கார்களில் ஸ்டியரிங்கின் அடியில் 16 பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும். அடாப்டரை அதில் செருகி, ஆண்ட்ராய்டு போனில் ஓபிடி ஆப் ஒன்றை நிறுவி, புளூடூத்தில் இணைத்தால் காரின் பிழை எண்களைப் படித்திடலாம்.

இந்த அடாப்டர்களின் மூளை, கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த எல்ம்327 என்னும் சிப். அதன் முதல் பதிப்பைக் காப்பி செய்ய முடியாதபடி பூட்டாமல் விற்றுவிட்டார்கள். உள்ளே இருந்த புரோகிராமை அப்படியே நகலெடுத்து உலகம் முழுவதும் மலிவு விலையில் விற்கத் தொடங்கி விட்டார்கள். நம் கைக்கு வரும் மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் இந்த நகல் பரம்பரைதான். சில நகல்களில் எல்லாக் கட்டளைகளும் வேலை செய்வதில்லை. என்னிடம் இருந்தது நல்ல நகல்!

பொதுவாக இன்ஜின் கம்ப்யூட்டர் 7இ8 என்ற ஹெக்ஸாடெசிமல் முகவரியில் இருந்து பதில் தரும். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் 7இ9-இல் இருந்து பதில் தரும். என் ஆப்பில் இரண்டாவதில் இருந்து ஒரே ஒரு எண் வந்தது: பி0705. கியர் நிலையைச் சொல்லும் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். இதே குடும்பத்தில் பி0706, பி0707, பி0708 என்று இன்னும் சில உண்டு.

இங்குதான் கவனம் வேண்டும். எண் சொல்வது 'சர்க்யூட்டில் கோளாறு' என்று மட்டுமே. 'ஸ்விட்சை மாற்று' என்று அது சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் ஸ்விட்ச், கனெக்டர், ஒயர், பியூஸ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. கேபிள் தளர்ந்து, லீவர் 'பி'-யில் இருக்க, கியர் பாக்ஸ் தண்டு 'பி'-க்கும் 'ஆர்'-க்கும் நடுவில் நின்றாலும் இதே எண் வரலாம். ஆனால் நான் என்ன செய்தேன்? எண்ணைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் ஆன்லைனில் ஸ்விட்சைத் தேட ஆரம்பித்து விட்டேன். அப்பாதான், "பழசைக் கழட்டிப் பார்க்காமயே புதுசு வாங்குறியே" என்றார்.

எனவே முறைப்படி தொடங்கினேன். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ்; எனக்கு 12.5 இருந்தது. அடுத்தது, முறுக்கிய ஒயர்களைப் பிரித்து, பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன். இந்தப் பாலம் இருக்கும் வரை எந்தச் சோதனையும் பொய்தான். பிறகு பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, 'பி'-யில் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. 'என்'-இல் திருப்பினேன். இரண்டாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. 'பி'-யில் ஆகாமல் 'என்'-இல் ஆவது, பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு நல்ல அடையாளம். வழியில் மாட்டிக் கொண்டால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஒரு ஒயரையும் தொட வேண்டியதில்லை, லீவரை 'என்'-க்குத் தள்ளிப் பாருங்கள்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி அப்பா உள்ளே இருந்து லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்த, நான் பானட்டுக்குள் தண்டின் கையைக் கவனித்தேன். ஒவ்வொரு நிலைக்கும் அது சரியாக 'டக்' என்று உட்கார்ந்தது. எனவே கேபிள் தப்பித்தது.

பச்சைப் பூச்சு

சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு ஸ்விட்சின் கனெக்டரைப் பிரித்தேன். காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான்கு பின்களில் பச்சைப் பூச்சு. கடற்கரை ஊரில் வாழ்பவர்களுக்கு இந்தப் பச்சை புதிதல்ல. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், டிவி ஆன்டெனா உதிரும், யுபிஎஸ் முனைகள் பூக்கும். அப்பா தினமும் மாலை அரசலாறு கடலில் சேரும் பக்கம் கடற்கரையில் காரை நிறுத்தி நடப்பவர். போதாததற்கு மாதம் ஒரு முறை வாட்டர் சர்வீஸ். பானட்டுக்குள்ளும் பிரஷர் பம்பால் அடிக்கச் சொல்வாராம், சுத்தமாக இருக்கட்டும் என்று. உப்பும், அழுத்தத்தில் அடித்த தண்ணீரும் கனெக்டரின் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய் விட்டன.

கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பலருக்கு வேலை இத்துடன் முடிந்து விடும். எனக்கு முடியவில்லை. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஸ்விட்சில் ஸ்டார்ட்டருக்கான இரண்டு பின்களையும் தொட்டேன். எவை என்பதை மெக்கானிக் சுரண்டிய ஒயர்களின் நிறமே காட்டிக் கொடுத்தது! 'பி', 'என்' இரண்டிலும் ஒலி வர வேண்டும். மற்ற நிலைகளில் வரக் கூடாது. 'பி'-யில் ஒலி இல்லை. 'என்'-இல் தண்டை ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது. இப்போதுதான் ஸ்விட்ச் போய் விட்டது என்று சொல்லும் உரிமை எனக்கு வந்தது.

காரைக்காலில் இந்தப் பொருள் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் ஆர்டர் எடுத்துக் கொள்வதாகச் சொன்னார்கள். நான் சென்னையில் வேலை செய்வதால் ஜி.பி. ரோட்டில் தேடிப் புதியதாகவே வாங்கினேன், 2,850 ரூபாய். புதுப்பேட்டையில் பழைய காரில் கழற்றியது பாதி விலைக்கு உண்டு. ஆனால் அதன் தொடு முனைகளும் அதே வயதானவை அல்லவா? வாங்கும் முன் பழைய ஸ்விட்சில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே மாடலில் ஆண்டு மாறினால் பின்களின் எண்ணிக்கை மாறி விடுவது உண்டு.

மாற்றும் முறை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்தேன். ஏனென்றால் லீவர் 'என்'-இல் இருக்க வேண்டும்; கட்டை இல்லாவிட்டால் கார் உருளும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தால் ஸ்விட்ச் முழுதாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் கழற்றும் முன் நான்கு கோணங்களில் போட்டோ எடுத்தேன். இதைத் தவற விடாதீர்கள்.

கேபிளைத் தண்டின் கையில் இருந்து விடுவித்து, கையைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பானரைத் திருப்பும் போது இன்னொரு கையால் அந்தக் கையை அசையாமல் பிடித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முழு விசையும் கியர் பாக்ஸுக்குள் உள்ள பல்லின் மேல் விழும். பிறகு 10 எம்.எம். போல்ட்டுகள் இரண்டு. ஸ்விட்ச் நேராக வெளியே வர வேண்டும். என்னுடையது வரவில்லை, தண்டில் துரு. ஸ்குரு டிரைவரால் நெம்பாமல், துரு நீக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் காத்திருந்தேன். வந்தது. புதியதை மாட்டும் முன் தண்டை மெல்லிய எமரித் தாளால் துடைத்தேன், இல்லாவிட்டால் புதிய பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். போல்ட் போகும் துளைகள் வட்டமாக இல்லை, நீளமாக இருக்கின்றன. ஸ்விட்சைச் சில டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பி நிலை நிறுத்துவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய போல்ட்டின் தடத்தைப் பார்த்துக் கண் அளவில் முடுக்கி விட்டேன். எல்லாவற்றையும் மாட்டி, அப்பாவை அழைத்து, சாவியைத் திருப்பினால், 'என்'-இல் ஸ்டார்ட் ஆகிறது, 'பி'-யில் ஆகவில்லை! 'ஆர்'-இல் ரிவர்ஸ் விளக்கு மினுக்குகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மீண்டும் பெட்டியைத் திறந்தேன். தண்டின் கையில் ஒரு சிறிய துளை, ஸ்விட்சின் உடலில் ஒரு துளை. 'என்'-இல் இரண்டும் நேர்கோட்டில் வர வேண்டும். ட்ரில் பெட்டியில் இருந்து 5 எம்.எம். பிட் ஒன்றை எடுத்து, அதன் மழமழப்பான அடிப்பகுதியை இரண்டு துளைகளிலும் நுழைத்தேன். என் காருக்கு அந்த அளவு பொருந்தியது. சில கார்களில் துளைக்குப் பதில் கோடும் பள்ளமும் இருக்கும். பிட் உள்ளே இருக்கும் போதே இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, அதிக பலம் தராமல் முடுக்கி, பிட்டை உருவினேன். இரண்டு டிகிரிதான் மாறியிருக்கும். மெக்கானிக் சுரண்டிய ஒயர்களையும் தனித்தனியே சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன்.

இதற்குப் பின் செய்யும் சோதனையைத் தயவு செய்து யாரும் விட்டு விடாதீர்கள். காருக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லாமல் பார்த்து, கட்டைகளை எடுக்காமல், பிரேக்கை முழுவதும் மிதித்துக் கொண்டு, 'ஆர்', 'டி', '2', 'எல்' ஒவ்வொன்றிலும் சாவியைத் திருப்புங்கள். ஒன்றில் கூட ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. 'பி', 'என்' இரண்டிலும் சுற்ற வேண்டும். ரிவர்ஸ் விளக்கு 'ஆர்'-இல் மட்டும் எரிய வேண்டும். கார் ஸ்டார்ட் ஆகிறது என்பது பாதிச் சோதனைதான், ஆகக் கூடாத இடத்தில் ஆகவில்லை என்பது மீதிப் பாதி. சாப்ட்வேர் சோதனை செய்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். கடைசியாக ஆப்பில் பிழை எண்ணை அழித்து, திருநள்ளாறு வரை போய் வந்து மறுபடி படித்தேன். 7இ9-இல் இருந்து எதுவும் வரவில்லை.

ஒரு குறிப்பு: 2014-இல் மாருதி செலெரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி கார்களில் அமைப்பு வேறு. அவை கிளட்சையும் கியரையும் மோட்டாரால் இயக்கும் மேனுவல் பெட்டிகள். பெரும்பாலானவற்றில் 'பி' நிலையே இல்லை. அவற்றுக்கு மேலே சொன்ன கழற்றும் முறை பொருந்தாது. புஷ் பட்டன் ஸ்டார்ட் கார்களில் கம்ப்யூட்டரே பல நிபந்தனைகளைப் பார்ப்பதால், அங்கும் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

பழைய ஸ்விட்சை ஆக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தேன். 'பி'-க்கான செப்புத் தடத்தில் ஒரு நெல்மணி நீளத்துக்கு உலோகமே இல்லை, கருப்புத் தூள் மட்டும். அதை மெக்கானிக்கிடம் கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில்வே கேட்டில் நடந்ததை அப்பா அவரிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்னேன். "இன்னும் ரெண்டு வண்டிக்கு அப்படிப் போட்டிருக்கேன் தம்பி" என்றார் மெதுவாக. "அந்த அடாப்டரை ஒரு வாரம் கொடுங்க, ரெண்டையும் கூப்பிட்டுப் பார்த்துடறேன்."

"சரிண்ணே" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அடாப்டர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இரண்டு கார்களில் ஒன்று வந்து விட்டதாம். அதில் கனெக்டர் மட்டும்தான் பச்சை.